கால்கோளுக்கு முன்னே கணக்கு!

(காந்திகிராமத்தை அடுத்து நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் விளையாட்டரங்கம் பற்றிப் பேசப் போகிறேன் என்ற செய்தி பரவியதும், "அரசியல் மேடையில் ஆடுகளத்துக்கு என்ன வேலை?" என்று சில நண்பர்கள் கேட்டனராம். கேட்டதில் தவறில்லை. விலைவாசி பற்றிப் பேசலாம். வேலையின்மை பற்றிப் பேசலாம். மாநில உரிமை பற்றி மணிக்கணக்கில் பேசலாம். பந்தும் மட்டையும் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டமா என்பது அவர்தம் ஐயம்.

ஐயத்தைப் போக்கிவிடுகிறேன். ஓர் ஊரிலே பெரிய அரங்கம் ஒன்று எழுகிறது என்றால், அங்கே மூன்று பொருள்கள் ஒன்று சேர்கின்றன. ஒன்று, நிலம். இரண்டு, பணம். மூன்று, மக்களின் ஒப்புதல். நிலம் பொதுநிலம், பணம் பொதுப்பணம், ஒப்புதலோ, பெரும்பாலும் கேட்கப்படாத ஒப்புதல்! நிலமும் பணமும் ஒப்புதலும் கூடுகிற இடத்திலே அரசியல் இல்லையென்றால், வேறெங்கே இருக்கிறது அரசியல்?

அரசின் கடமை நான்கு என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். வருவாய்க்கு வழி காண்பது, வந்ததைத் திரட்டுவது, திரட்டியதைக் காப்பது, காத்ததைப் பங்கிடுவது. முதல் மூன்றையும் கொடுங்கோலனும் செய்வான். வழி காண்பான், திரட்டுவான், காவலும் போடுவான். நான்காவதிலேதான் நல்லரசின் முகம் தெரியும். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துத் தருகிற அந்த நான்காவது கடமையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

தோழர்களே! இது அரங்கங்களின் காலம். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் களத்தில், கோவை மாநகருக்குப் பன்னாட்டுத் தரத்தில் கிரிக்கெட் அரங்கம் வரும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மாநகர எல்லைக்குள்ளேயே, ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை வளாகத்தில் ஏறத்தாழ 20 ஏக்கர் நிலம் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில், கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. 66 ஏக்கர் பரப்பு, ரூ.62.78 கோடி செலவு. இவை போக, சட்டமன்றத் தொகுதி தோறும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது.

இவையெல்லாம் 2021இல் பொறுப்பேற்ற கழக ஆட்சியின் திட்டங்கள். ஆகவே கைதட்டினோம். சுவரொட்டி ஒட்டினோம். தோரணம் கட்டினோம். தட்டிய கைகளிலே என் கைகளும் உண்டு. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் தட்டிய கை, கணக்குப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும் என்று சொல்லவே இந்த மேடை ஏறியிருக்கிறேன். நம்மவர் கட்டினால் கைதட்டுவது, பிறர் கட்டினால் கணக்குக் கேட்பது என்றிருந்தால், அதற்குக் கொள்கை என்று பெயரில்லை. கோஷ்டி என்று பெயர்!

பொதுப்பணம் என்கிறோமே, அது யார் பணம்? கோட்டையிலே அச்சடிப்பதா? வானத்திலிருந்து வழிவதா? சின்னாளப்பட்டியிலே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறாளே ஒரு தாய், அவள் வாங்குகிற சோப்புக்கட்டியிலே வரி இருக்கிறது. நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை கொண்டு போகிறானே ஒரு விவசாயி, அவன் போடுகிற உரத்திலே வரி இருக்கிறது. அவன் ஏறுகிற வண்டிக்கு ஊற்றுகிற டீசலிலே வரி இருக்கிறது. திண்டுக்கல்லிலே பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற தொழிலாளி குடிக்கிற தேநீர்வரை வரி இருக்கிறது. அந்தத் தாயும், அந்த விவசாயியும், அந்தத் தொழிலாளியும் அரங்கத்தின் பங்குதாரர்கள்! பங்குப் பத்திரம் கையில் இல்லாத பங்குதாரர்கள்! ஆகவே அவர்கள் சார்பிலே மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

சென்னை கிண்டியிலே குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறதே, அதன் கதையைக் கேளுங்கள். 160.86 ஏக்கர் அரசு நிலம். வெள்ளையன் ஆண்ட 1945இல், 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தயக் கழகத்திடம் கொடுத்தார்கள். குத்தகைத் தொகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு! மாதத்துக்கு அன்று, ஆண்டுக்கு! ஏக்கர் ஒன்றுக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. இதே சென்னையிலே கூவம் கரையில் குடிசை போட்டவனிடம் ஒரு கையகல நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டுக் குடிசையைப் பிரித்தெறிந்தார்கள். பந்தயத் திடலிலே பணம் கட்டி ஆடியவர்களிடமோ, பல ஆண்டுகள் பழைய கணக்கிலேயே வாடகை வாங்கினார்கள்.

1974இல் கலைஞர் ஆட்சி குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. நில வாடகை வழக்கோ தனியே நடந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், வாடகைப் பாக்கியாக ரூ.730.86 கோடியைச் செலுத்துமாறு ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தை எடுத்துக்கொண்டது. பசுமைப் பூங்கா அமைக்க முனைந்தது. அதன் பின்னும் வழக்கு மன்றப் படிகள் தேய்ந்தன என்பது வேறு செய்தி.

இதிலே நமக்குள்ள பாடம் என்ன? பொதுநிலத்தை ஆட்டத்துக்கு என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், திரும்பப் பெற ஒரு தலைமுறை போதாது. கையெழுத்துப் போட ஒரு நாள்; கையெழுத்தை அழிக்க எண்பது ஆண்டு! ஆகவே அரங்கம் எழுப்பும் முன்னே, குத்தகை எத்தனை ஆண்டு, வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உயரும், ஒப்பந்தம் மீறினால் நிலம் திரும்புமா என்பதை ஊரறியப் படித்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு காட்சியும் சொல்கிறேன். 1956 ஜனவரியில் சென்னையிலே வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கி 413 ஓட்டங்கள் குவித்தார்களே, அந்தச் சாதனை எங்கே நிகழ்ந்தது? மாநகராட்சி அரங்கத்திலே! நகர மக்களின் உள்ளாட்சிக்குச் சொந்தமான அரங்கத்திலே! அந்த இடத்திலேதான் 1993இல் இன்றைய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. பெருமைக்குரிய ஆட்டம் நடைபெற வேண்டுமானால், தனியார் மன்றத்தின் தயவுதான் வேண்டும் என்பதில்லை. நகரமே நடத்திக் காட்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: பணம் யார் போடுவது? லாபம் யாருக்கு? நட்டம் யார் தலையில்?

நான் நாடகக்காரன். ஒரு சிறு காட்சி போட்டுக் காட்டுகிறேன். பாத்திரங்கள் இருவர்: ஊரார் ஒருவர், திட்டக்காரர் ஒருவர்.

"ஐயா, அரங்கம் எதற்கு?"

"ஊர் வளரும்!"

"எப்படி வளரும்?"

"வெளியூர்க்காரர் வருவர். தங்குவர். உண்பர். கடைகள் பெருகும். காசு புழங்கும்."

"நன்று. அப்படிக் காசு கொட்டுமானால், அதைக் கட்ட முதலாளிகள் போட்டி போடுவார்களே! எங்கள் வரிப்பணம் எதற்கு?"

"அது... முதலிலே நட்டம் வரலாம் அல்லவா?"

"வந்தால்?"

"அரசு ஏற்கும்."

"லாபம் வந்தால்?"

"நடத்துகிறவர் ஏற்பார்!"

திரை விழுகிறது, தோழர்களே! சிரிக்கிறீர்கள். ஆனால் உலகின் பெரிய நகரங்களிலே இந்த நாடகம் உண்மையாகவே நடந்தது, பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

கனடா நாட்டிலே மான்ட்ரியல் என்றொரு மாநகரம். 1976இல் அங்கே ஒலிம்பிக். அந்நகர மேயர் ழான் திராப்போ என்ன சொன்னார்? ஆண்மகன் எப்படிப் பிள்ளை பெற முடியாதோ, அப்படியே ஒலிம்பிக்கில் நட்டமும் ஏற்பட முடியாது என்னும் பொருள்பட மார்தட்டினார். நடந்தது என்ன? அரங்கத்தின் செலவு மலையாக உயர்ந்தது. கடனை அடைக்கப் புகையிலைக்குத் தனி வரி போட்டார்கள். அந்தக் கடன் அடைந்தது எப்போது? 2006இல்! விழா நடந்தது இரண்டு வாரம். கடன் கட்டியது 30 ஆண்டு! விழாவன்று பிறந்த குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, தன் குழந்தையைத் தோளில் சுமந்தபோதும் அந்த அரங்கத்தின் கடனையும் சேர்த்தே சுமந்தது!

"அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும் என்பது உண்மையா?" என்று பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ராஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய இருவர் 1997இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டனர். முடிவு என்ன? பொதுப்பணத்தில் எழுந்த அரங்கங்கள், சொன்ன அளவுக்கு ஊரின் வருவாயை உயர்த்தவில்லை. காரணமும் கடினமானதன்று, நம் வீட்டுக் கணக்குதான். ஒரு குடும்பம் மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் பொழுதுபோக்குக்கு ஒதுக்குகிறது. அரங்கம் வந்தபின் அந்த ஐந்நூறு அங்கே போகிறது. திரையரங்குக்குப் போனது நின்றது. சிற்றுண்டிச் சாலைக்குப் போனது குறைந்தது. ஊரிலே காசு பெருகவில்லை. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறியது, அவ்வளவே! ஆட்டக்காரரும் அமைப்பாளரும் வெளியூர் என்றால், அந்தக் காசு ஊரைவிட்டே வெளியேறியது.

நம் நாட்டுக்கு வருவோம். 2010இல் தில்லியில் காமன்வெல்த் போட்டி. பளபளக்கும் அரங்கங்கள், பகட்டான விழாக்கள். அதற்கான பணத்திலே ஒரு பகுதி எங்கிருந்து போனது தெரியுமா? தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய துணைத் திட்ட நிதியிலிருந்து! அறுநூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை அவ்வாறு திருப்பிவிடப்பட்டதை, அவ்வாண்டு ஆகஸ்டில் மாநிலங்களவையிலே அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சேரிக்குப் போக வேண்டிய சாலை, அரங்கத்துக்குப் போகும் சாலையாயிற்று! ஏழை மாணவன் விடுதிக்கு எரிய வேண்டிய விளக்கு, விழா மேடையில் எரிந்தது! சமூக நீதியை உயிர்மூச்சாகக் கொண்ட நாம், எந்த அரங்கத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தப் பணம் யார் பங்கிலிருந்து எடுத்தது?

பங்கு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா திட்டத்திலே விளையாட்டுக் கட்டமைப்புக்கு மாநிலங்களுக்கு ஒதுக்கிய நிதிக் கணக்கு 2024இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசத்துக்கு 438 கோடி. குஜராத்துக்கு 426 கோடி. தமிழ்நாட்டுக்கு? 20 கோடி! ஆமதாபாத்திலே 1,32,000 பேர் அமரும் உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் அரங்கம் இருக்கிறது. 2030 காமன்வெல்த் போட்டியும் 2025 நவம்பரில் அதே நகருக்கு வழங்கப்பட்டது. கொடுக்கிற கை நம்முடையது. பெறுகிற கை வேறொருவருடையது! இதைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் தில்லியிடம் பங்கு கேட்கும் நாம், கிடைத்த பங்கை நம் வீட்டுக்குள் எப்படிப் பிரிக்கிறோம் என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். வெளியே நீதி கேட்பவன் வீட்டிலும் நீதி செய்ய வேண்டும்.

கீழக்கரை அரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஏறுதழுவுதலுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் தமிழ் இளைஞர் திரண்டனர், சட்டம் வந்தது. 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தைச் செல்லும் என்றது. அந்தப் பண்பாட்டு வெற்றியின் சின்னம் அந்த அரங்கம் என்றால், அதை மறுப்பவன் நானல்லன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தொகுதிக்கு ஒரு சிறு அரங்கம் என்ற திட்டத்தில், ஒன்றுக்கு ரூ.3 கோடி மதிப்பீடு என்று அறிவிக்கப்பட்டது. கீழக்கரைக்குச் செலவான ரூ.62.78 கோடியில், அப்படிப்பட்ட சிறு அரங்கங்கள் ஏறத்தாழ இருபது எழுந்திருக்கும். மேலும் ஏறுதழுவுதலுக்குச் சட்டம் அனுமதிக்கும் காலம் ஜனவரி முதல் மே வரை. எஞ்சிய ஏழு மாதம் அந்த 66 ஏக்கரில் என்ன நடக்கும்? காளை வராத நாளில் கபடி நடக்குமா? சுற்றுப்புறப் பள்ளிப் பிள்ளைகள் ஓடியாட வாயில் திறக்குமா? கலைஞர் பெயரைத் தாங்கிய அரங்கம், ஆண்டு முழுவதும் உயிரோடு இருந்தால்தான் அந்தப் பெயருக்கு அழகு. பெயர் சூட்டுவது எளிது. பெயரைக் காப்பதே கடினம்.

மூன்றாவது கேள்வி: மக்களைக் கேட்டீர்களா?

கீழக்கரை அரங்கம் எழும்போது அலங்காநல்லூர் மக்களிடம் ஓர் அச்சம் எழுந்தது. "எங்கள் வாடிவாசலை விட்டு, எங்கள் பொங்கல் விழாவைப் புது அரங்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களோ?" என்று கலங்கினர். அந்த வாடிவாசல் வெறும் மரக்கதவா? அதைத் தாண்டி வரும் காளைக்கு ஊரே உறவு. ஊர்த் தெய்வத்துக்கே முதல் மரியாதை. தலைமுறை தலைமுறையாக வரும் முறைமை அது. அரசு செவி சாய்த்தது. மரபு வழி ஏறுதழுவுதல் அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் ஆகிய ஊர்களின் பழைய இடங்களிலேயே நடக்கும் என்று உறுதி கூறப்பட்டது. பொங்கல் தோறும் அவ்வாறே நடந்தும் வந்தது. மக்கள் பேசினர், அரசு கேட்டது, அரங்கமும் எழுந்தது, வாடிவாசலும் நின்றது. கேட்டதால் கெட்டது என்ன?

சேப்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2018 ஏப்ரலில் காவிரிக்காகத் தமிழகம் கொந்தளித்தபோது, "வயல் காயும்போது இங்கே விளையாட்டுக் கேளிக்கையா?" என்ற குரல் எழுந்தது. ஓர் ஆட்டம் நடந்ததோடு சரி. சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. அதற்கு இரண்டு ஆண்டு முன்னே, 2016இல், மராட்டிய மாநிலம் வறட்சியில் வாடியபோது, ஏப்ரல் மாதத்துக்குப் பின் ஐ.பி.எல். ஆட்டங்களை அங்கே நடத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புல்லுக்கு நீர் பாய்ச்சும் முன் குடிப்பவனுக்கு நீர் கொடு என்பது அதன் பொருள். ஆத்தூர் காமராசர் அணையில் நீர் இறங்கும்போதெல்லாம் குடத்தோடு தெருவில் நிற்கும் திண்டுக்கல் தாய்மார்களுக்கு, இந்தத் தீர்ப்பின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

"மக்களைக் கேட்டால் வேண்டாம் என்பார்கள், வளர்ச்சி நின்றுவிடும்" என்று சில மேதைகள் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகருக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக் வழங்கப்பட்டது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. பொதுப்பணம் தர முடியாது என்றனர் மக்கள். விழா இன்ஸ்பிருக்குக்குப் போயிற்று. டென்வர் அழிந்துவிட்டதா? இல்லையே! 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மக்களும் வேண்டாம் என்றனர். அதே ஜெர்மனியில் 2025 அக்டோபரில் மியூனிக் மக்களைக் கேட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் "வேண்டும்" என்றனர்! கேட்டால் மறுப்பதும் உண்டு, ஏற்பதும் உண்டு. மறுத்தால் கருவூலம் மிஞ்சும். ஏற்றால் திட்டத்துக்கு மக்கள் துணை கிட்டும். இரண்டிலும் அரசுக்கு ஆதாயமே. கேட்காமல் கட்டுவதிலேதான் இரண்டும் போகும்.

ஈராயிரம் ஆண்டுக்கு முன்னே உரோமாபுரியில் நீரோ மன்னன் தன் மாளிகைக்கென ஒரு செயற்கைக் குளம் வெட்டினான். அவனுக்குப் பின் வந்த வெஸ்பாசியன் அந்தக் குளத்தைத் தூர்த்து மாபெரும் அரங்கம் எழுப்பத் தொடங்கினான், கி.பி. 80இல் அவன் மகன் டைட்டஸ் திறந்து வைத்தான். மன்னன் பறித்த நிலத்தை மக்களுக்குத் திருப்பித் தந்தோம் என்று பெருமை பேசினர். ஆனால் உள்ளே நடந்தது என்ன? அடிமை சாக, ஆண்டான் இரசிக்க, ஏழைக்கு ரொட்டித் துண்டும் வேடிக்கையும் கிடைக்க, அவன் உரிமையை மறந்தான். அரங்கம் மக்களுக்கென்று எழுந்தது. மக்களை உறங்க வைக்கப் பயன்பட்டது. உரோமாபுரி செய்த அந்தப் பிழையைத் தமிழகம் செய்யலாகாது.

இவ்வளவு சொன்னபின், "இவர் விளையாட்டுக்கே பகைவர் போலிருக்கிறதே!" என்று எவரேனும் எண்ணினால் அவருக்குச் சொல்வேன்: சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் காய்கறி விற்ற ஒரு தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ நகரின் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது என் கண்கள் பனித்தன. நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்து ஒரு பெண், 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் நின்றபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. சின்னப்பம்பட்டி நடராஜன் தான் ஈட்டிய பொருளில் தன் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்து 2023இல் திறந்தாரே, அவரைக் கைகூப்புகிறேன்.

இவர்களெல்லாம் எங்கிருந்து வந்தனர்? ஐம்பதாயிரம் நாற்காலி போட்ட அரங்கத்திலிருந்து வரவில்லை. மண் தரையிலிருந்து வந்தனர். அவர்களுக்கு வேண்டியது சமன் செய்த ஒரு திடல், ஒரு பயிற்சியாளர், ஒரு வேளை முட்டை, மாலை ஆறு மணிக்குப் பின் எரிய ஒரு விளக்கு, பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு கதவுள்ள அறை. நாற்காலி பார்ப்பவனுக்கு, திடல் ஆடுபவனுக்கு. முன்னது கட்டப் பல கோடி. பின்னது கட்டச் சில இலட்சம். இரண்டும் வேண்டும் என்றால், முதலில் எது என்பதே கேள்வி. ஆடுபவன் இல்லாத ஊரிலே பார்ப்பவனுக்கு நாற்காலி எதற்கு?

நாற்காலி போட்டு மட்டும் பயனில்லை என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. 2011 உலகக் கோப்பைக்கென அங்கே புதிய பார்வையாளர் மாடங்கள் எழுந்தன. கட்டட விதிச் சிக்கலால் அவற்றில் மூன்று மாடங்கள், ஏறத்தாழ 12,000 இருக்கைகள், பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. வெளியே சீட்டுக் கிடைக்காமல் இளைஞர் கூட்டம். உள்ளே வெயில் காய்ந்த வெற்று நாற்காலிகள்! விதியை முன்னே பார்த்திருந்தால் அந்த வீண் வந்திருக்குமா? நாடகம் போடுகிறவன் அறிவான்: கொட்டகை பெரிதானதால் நாடகம் சிறந்துவிடாது.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? பேச்சோடு கலைந்து போக நான் உங்களை அழைக்கவில்லை. வேலை தருகிறேன்.

காந்திகிராமம் என்னும் இந்த மண்ணைப் பாருங்கள். 1947இல் டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் இங்கே பணி தொடங்கியபோது, கிராமம்தான் நாட்டின் அடித்தளம் என்ற எண்ணத்தில் தொடங்கினர். காந்தியார் வழியும் நம் வழியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு திட்டத்தைத் தீட்டும் முன், நீ கண்டவரிலேயே கடைக்கோடி ஏழையின் முகத்தை நினைத்துப் பார் என்று அவர் வைத்த அளவுகோலை, ஈரோட்டுப் பள்ளியில் பயின்றவனும் மறுக்க மாட்டான்.

அந்த அளவுகோலை நீட்டிப் பார்க்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்று 2022 முதல் வகுக்கப்பட்டது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதே ஆண்டு நகரங்களுக்கும் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் விதிகளில் இடம்பெற்றன. கதவு இருக்கிறது, நுழைவோர்தான் குறைவு. நம் தோழர்கள் நுழையுங்கள். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், விளையாட்டுத் திட்டத்தையும் பொதுநோக்கம் என்றே ஏற்கிறது. அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமென்றால், பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 விழுக்காட்டினரின் இசைவு வேண்டும். தனியார் நிறுவனத்துக்கென்றால் 80 விழுக்காடு. சமூகத் தாக்க மதிப்பீடும், மக்கள் கருத்துக் கேட்பும் அச்சட்டத்தின் பகுதிகள். சட்டம் தந்த கருவியைத் துருப்பிடிக்க விடாதீர்கள்.

எந்த ஊரில் எந்த அரங்கத்துக்குக் கால்கோள் விழா நடந்தாலும், அதற்கு முன்னே நம் கிளைக் கழகங்கள் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, நில ஆவணமும் குத்தகை விதிகளும். இரண்டு, கட்டும் செலவோடு, ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவும் அதை ஏற்பவர் பெயரும். மூன்று, 365 நாளும் அங்கே யார் ஆடுவர் என்ற நாட்காட்டி. அதில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா நேரம் எவ்வளவு என்ற குறிப்பு. நான்கு, நட்டம் வந்தால் யார் ஏற்பது என்ற கையெழுத்து. இந்த நான்கும் சபையில் படிக்கப்பட்டு, மக்கள் கைதூக்கி ஏற்றபின் கல் நடட்டும். நாமே மண்வெட்டி எடுத்துக் கொடுப்போம்! நான்கில் ஒன்று குறைந்தாலும், கல் நடுபவர் நம் அமைச்சரே ஆனாலும், மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மரியாதையோடு கேள்வியை முன் வையுங்கள். கேட்பது பகையாகாது. ஆட்சியை ஆக்கித் தந்தவனுக்குக் கேட்கும் உரிமை பிறரைவிட ஒரு படி மிகுதி.

எதிர்க்கட்சிக்காரன் கேட்டால் அரசியல் என்று தள்ளிவிடுவார்கள். ஏடுகள் எழுதினால் உள்நோக்கம் என்பார்கள். சொந்தத் தொண்டன் கேட்டால் தள்ளவும் முடியாது, தட்டவும் முடியாது. ஆகவே கேளுங்கள்!

அரங்கம் எழட்டும், தோழர்களே! ஆனால் அதன் வாயிற்படியில், சின்னாளப்பட்டித் தறிக்காரர் மகனும், நிலக்கோட்டைப் பூக்காரி மகளும், அனுமதிச் சீட்டு இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடட்டும். பங்குதாரன் வீட்டுப் பிள்ளையைக் காவலாளி தடுக்காத நாளில், அந்த அரங்கம் நம்முடையது என்று நான் மேடையேறிச் சொல்கிறேன்.